பசைக்கு முன் குண்டூசி

ஆசிரியப் பணியில் முப்பது ஆண்டுகள் கழிந்துவிட்டால், கற்பிக்க வேண்டியதே மிச்சம், கற்க வேண்டியது ஏதுமில்லை என்னும் மயக்கம் மெல்ல வந்து நெஞ்சில் அமர்ந்துகொள்கிறது. அம்மயக்கத்தை ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன் தெளிவித்த கதையை வாசக அன்பர்களிடம் சொல்ல விழைகிறோம்.

மதரஸாவில் ஓதி, அரபியும் தமிழுமே உலகமென வாழ்ந்துவிட்ட நமக்கும் ஓவியத்துக்கும் வெகுதூரம். உயிருள்ளவற்றின் உருவம் வரைவது பற்றி மார்க்க மேதைகள் உரைத்தவற்றைப் படித்திருந்தமையால், அத்துறையைக் கண்டாலே சற்று விலகி நிற்பது நம் வழக்கம். சென்ற கோடை விடுமுறையில், மக்தபுப் பிள்ளைகள் அனைவரும் கூடிச் செய்யும் கைவேலை ஒன்று வேண்டுமென ஜமாஅத்துப் பெரியவர்கள் விரும்பினர். ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவர், பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸின் படத்தொகுப்பைக் கொணர்ந்து நம் கையில் தந்தார்.

புரட்டுகையில் ஒரு செய்தி நம்மை நிறுத்தியது. 1910-இல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் நடைபெற்ற இஸ்லாமியக் கலைக் கண்காட்சியைக் காண மத்தீஸ் சென்றிருக்கிறார். அவ்வாண்டின் இறுதியில் ஸ்பெயினுக்குப் பயணமாகி அல்ஹம்ரா மாளிகையைக் கண்டிருக்கிறார். 1912, 1913 ஆண்டுகளில் மொராக்கோவின் தான்ஜியர் நகரில் தங்கி வரைந்திருக்கிறார். முஸ்லிம் கைவினைஞர்கள் கம்பளத்திலும் சுவரிலும் படரவிட்ட கொடியும் இலையும் அவர் உள்ளத்தையும் பற்றிக்கொண்டன போலும்!

1941-இல் நடந்த பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் மத்தீஸால் நெடுநேரம் நிற்க இயலாது போயிற்று. எழுபதைக் கடந்த அம்முதியவர், நாளடைவில் தூரிகையை விடுத்துக் கத்தரிக்கோலைத் துணைக்கொண்டார். உதவியாளர்கள் தாள்களில் வண்ணம் பூசித் தருவர். அவர் படுக்கையிலோ சக்கர நாற்காலியிலோ இருந்தபடி வடிவங்களை வெட்டுவார். வெட்டியவற்றை உதவியாளர்கள் சுவரில் குண்டூசியால் குத்தி வைப்பர். அவர் பார்ப்பார், இடம் மாற்றச் சொல்வார், மறுபடியும் பார்ப்பார். பசை கடைசியில்தான். 1953-இல் இவ்வாறு அவர் அமைத்த 'கதிர்க்கட்டு' என்னும் படைப்பில் பல நிற இலைகள் விசிறிபோல் விரிந்து நிற்கின்றன. உயிருருவம் எதுவுமில்லை. நம் பிள்ளைகளுக்கு இதுவே ஏற்றது எனத் துணிந்தோம்.

பழைய நாட்காட்டித் தாள்களைப் பயன்படுத்தலாம் என்றார் நண்பர். இறைநாமம் அச்சாகியிருக்கக்கூடும் என்று அதைத் தவிர்த்து, வெற்றுத்தாள்களே வாங்கினோம். இருபத்திரண்டு பிள்ளைகள் முதல்நாள் வண்ணம் பூசிக் காயவைத்தனர், மறுநாள் வெட்டினர். வேம்பு, பூவரசு, முருங்கை என ஊரின் இலைகளெல்லாம் பாயில் குவிந்தன. ஒரு சிறுவன் வெட்டியது மட்டும் எந்த இலையையும் ஒத்திருக்கவில்லை. நீலநிறத் துண்டு, ஒரு பக்கம் பிய்ந்தாற்போல் இருந்தது. பாடத்திலும் அவன் பின்தங்கியவனே.

அஸர் தொழுகைக்கு நேரம் நெருங்கிற்று. பிள்ளைகளை அனுப்பிவிட்டு, நாமே எல்லாவற்றையும் அட்டையில் ஒட்டி முடித்தோம். குண்டூசிக்குப் பொறுமையில்லை. அந்த நீலத்துண்டை ஒரு மூலையில் வைத்து, அதன்மேல் அகன்ற பூவரச இலை ஒன்றை ஒட்டினோம். மனமறிந்தே செய்தோம்.

மறுநாள் காலை பிள்ளைகள் தத்தம் இலையைத் தொட்டுக்காட்டி ஆரவாரித்தனர். அவன் மட்டும் அட்டையின் ஓரமெல்லாம் தேடினான்.

"ஹஜ்ரத், என்னோடதக் காணோமே?"

"உன்னுடையது என்ன இலை வாப்பா?"

"ஆடு கடிச்ச இலை, ஹஜ்ரத்."

நாம் வாயடைத்துப்போனோம். மற்றப் பிள்ளைகள் இலை எப்படி இருக்க வேண்டுமென நினைத்து வெட்டியிருந்தனர். தெருவில் கிடந்த இலையைக் கண்டவன் அவன் ஒருவனே. அவன் பார்வையைத்தான் நாம் பிழையென்று மூடியிருந்தோம்.

"தவறு நம்முடையது" என்று பிள்ளைகள் முன்னிலையில் சொன்னோம். சொல்லும்போது நாக்கு சற்றே தடுமாறியது உண்மை. பூவரச இலையை உரித்தெடுத்தபோது நீலத்துண்டும் கிழிந்தது. அவன் அழவில்லை, வேறொன்று வெட்டித் தருவதாக நமக்கே ஆறுதல் சொன்னான்.

மீண்டும் தொடங்கினோம். இம்முறை மூன்று நாட்கள் குண்டூசி மட்டுமே. பிறர் இலையை நகர்த்த விரும்பினால் அவரிடம் கேட்டே நகர்த்த வேண்டும் என்று விதித்தோம். சிறு பூசல்கள் எழுந்தன, தாமே அடங்கின. தன் இலை நடுவில்தான் இருக்க வேண்டுமென்று முதல்நாள் அழுத சிறுமி, மூன்றாம் நாள் இன்னொருத்திக்கு இடம்விட்டு ஒதுங்கினாள். நம் சிறுவன் தன் துண்டை ஐந்து முறை இடம் மாற்றினான். கடைசியில், நாம் ஒளித்துவைத்த அதே மூலையிலேயே குத்தினான். அதன்மேல் யாரும் எதையும் வைக்கவில்லை.

இப்போது அப்படம் மக்தபின் வாசலில் தொங்குகிறது. எவர் பெயரும் அதில் இல்லை.

அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை. "இவன் மந்தபுத்தி", "இவனுக்கு ஓதல் ஏறாது" என்று இத்தனை ஆண்டுகளில் எத்தனை பிள்ளைகளின்மேல் தீர்ப்புகளைப் பசைபோட்டு ஒட்டியிருக்கிறோம்! உரித்தெடுக்க அவர்கள் இன்று நம் முன் இல்லை. பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானத் அல்லவா? கருத்துக் கொள்ளாமல் ஆசிரியர் இருக்கவியலாது. ஆயினும், அக்கருத்தைக் குண்டூசியால் குத்திவைப்போம். நாளை இடம் மாற்ற வேண்டி வரலாம்.