அகிஹபராவில் பெஞ்சு மேல் நின்ற கதை

ஆபீஸ் வேலையாகப் பத்து நாள் டோக்கியோ போகிறேன் என்ற செய்தி கசிந்த அன்று மத்தியானமே லிஸ்ட் வர ஆரம்பித்துவிட்டது. மேனேஜருக்குப் பச்சை டீ. அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனுக்குச் சாக்லேட், தலைக்கு ஒன்று என்று எண்ணி. அடுத்த ஸீட் நண்பன் மட்டும் வாயைத் திறக்கவில்லை. கிளம்புவதற்கு முதல் நாள் என் டிபன் பாக்ஸுக்கு அடியில் ஒரு துண்டுச் சீட்டை வைத்துவிட்டுப் போனான். "க்ளட்ச் டூல் - 1. முடிந்தால்."

அந்த 'முடிந்தால்' சுருக்கென்று குத்தியது. காரணம் இருக்கிறது.

நண்பனிடம் ஒரு ரேடியோ கன்ட்ரோல் கார் உண்டு. பேட்டரி போட்டால் சுவரில் முட்டித் திரும்புகிற பொம்மை இல்லை, சார். நிஜ காரில் எட்டில் ஒரு பங்கு அளவு. உள்ளே 3.5 சி.சி.யில் நிஜ இன்ஜின். நிமிடத்துக்கு முப்பதாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். இரண்டு வருஷ போனஸைப் போட்டு வாங்கியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் மைதானத்தில் அதை விரட்டுவதற்காகத்தான் அவன் திங்கள் முதல் சனி வரை எங்கள் ஆபீஸைப் பொறுத்துக்கொண்டான்.

ஒரு நாள் க்ளட்ச் வழுக்குகிறது என்றான். "நான் பார்க்கிறேன்டா. டி.வி.எஸ். ஃபிஃப்டியையே பிரிச்சு மாட்டினவன்" என்றேன். இந்த மாதிரி வாக்கியங்களைச் சொல்பவர்களிடம் பொருளைக் கொடுக்கக் கூடாது. அவன் நல்லவன், கொடுத்துவிட்டான்.

விஷயம் என்னவோ டி.வி.எஸ். மொபெட்டில் இருக்கும் அதே வகை க்ளட்ச்தான். இன்ஜினோடு சுற்றும் ஃப்ளைவீலில் சின்னச் சின்னக் குச்சிகள். ஒவ்வொரு குச்சியிலும் பிறை மாதிரி ஒரு ஷூ, அதை உள்பக்கமாக இழுத்துப் பிடிக்க ஒரு ஸ்பிரிங். மேலே தொப்பி மாதிரி பெல். இன்ஜின் மெதுவாக ஓடும்போது ஷூ சமர்த்தாக உள்ளே இருக்கும், கார் நிற்கும். ஆக்ஸிலேட்டர் கொடுத்தால் மைய விலக்கு விசையில் ஷூ வெளியே விரிந்து பெல்லைப் பிடிக்கும், கார் பறக்கும். ஸ்பிரிங் எவ்வளவு கனமோ அவ்வளவு தாமதமாகப் பிடிக்கும். 0.9, 1.0, 1.1 மில்லிமீட்டர் என்று ஸ்பிரிங் கம்பியின் கனத்தைப் பத்தில் ஒரு மில்லிமீட்டர் மாற்றினாலே காரின் குணம் மாறிவிடும்.

தெரிந்துகொள்வது சுலபம். மாட்டுவதுதான் கஷ்டம். அந்த ஸ்பிரிங்குக்கு இரண்டு கால். ஒரு காலை ஷூவிலும் மறு காலை நட்டின் காடியிலும் உட்கார வைத்து, அமுக்கிய நிலையிலேயே ஷூவைக் குச்சியில் இறக்க வேண்டும். நான் ஃப்ளைவீலைக் கட்டிங் ப்ளேயரால் கவ்வினேன். அப்படியும் சுற்றியது. பிஸ்டன் நகராமல் இருக்க, புகை வெளியே வரும் ஓட்டை வழியாக ஸ்க்ரூ டிரைவரை விட்டு அணை கொடுத்தேன்.

இதைப் படிக்கும் மெக்கானிக்குகள் இந்த இடத்தில் கண்ணை மூடிக்கொள்வார்கள். இந்த இன்ஜினில் பிஸ்டனுக்கு ரிங் கிடையாது. அலுமினிய பிஸ்டன், குரோமியம் பூசிய பித்தளை ஸ்லீவ். இரண்டும் ஒன்றோடு ஒன்று இழைந்து பொருந்துவதில்தான் கம்ப்ரஷனே இருக்கிறது. நான் போட்டது ஒரு கீறல். அவ்வளவுதான், இன்ஜின் மூச்சை விட்டுவிட்டது. பிஸ்டன், ஸ்லீவ் செட்டின் விலை புது இன்ஜின் விலையில் பாதியை நெருங்கும். ஒரு ஸ்பிரிங் வேறு ஜன்னல் வழியாக வெளியேறிவிட்டது.

நண்பன் பார்த்தான். "பரவாயில்லடா" என்றான். திட்டியிருந்தால் தேவலை. புது பிஸ்டனை வரவழைத்துவிட்டான். ஆனால் மாட்டவில்லை. ஏழு மாதமாகக் கார் அவன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில், நியூஸ் பேப்பர் போர்த்திக்கொண்டு கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அவன் தூங்கினான். நானும் போன் பண்ணுவதை நிறுத்தியிருந்தேன்.

ஆகவே டோக்கியோவில் கிடைத்த ஒரே ஞாயிற்றுக்கிழமையை ஃபூஜி மலைக்குக் கொடுக்காமல் அகிஹபராவுக்குக் கொடுத்தேன்.

அகிஹபராவை டோக்கியோவின் ரிச்சி தெரு என்று சொல்லலாம். ரிச்சி தெருவைப் பத்து மாடி உயரத்துக்கு அடுக்கி, பெருக்கிச் சுத்தம் செய்து, ராத்திரி முழுக்க சீரியல் பல்பு போட்டால் வரும். ஸ்டேஷன் 1890-ல் சரக்கு ரயிலுக்காகத் திறந்தது. யுத்தம் முடிந்ததும் தெருவோரம் ரேடியோ பாகங்கள் விற்கும் கடைகள் முளைத்தன. 1949-ல் அமெரிக்க ராணுவ நிர்வாகம் நடைபாதைக் கடைகளைக் காலி பண்ணச் சொல்ல, வியாபாரிகள் ரயில் பாலத்துக்கு அடியில் புகுந்துகொண்டார்கள். அதில் ஒன்றான 'ரேடியோ ஸ்டோர்' 2013 வரை தாக்குப்பிடித்தது. பக்கத்து 'ரேடியோ சென்ட'ருக்குள் நுழைந்து பார்த்தேன். ஒருவர் மூச்சை இழுத்தால்தான் இன்னொருவர் நடக்கலாம். மேலே ரயில் தடதடக்க, கீழே ரெஸிஸ்டரைக் கடலை மாதிரி பரப்பி வைத்திருக்கிறார்கள்.

ஞாயிறு மத்தியானம் மெயின் ரோடான ச்சூவோ-தோரியில் வண்டிகளை நிறுத்திவிடுகிறார்கள். நடு ரோட்டில் ராஜநடை போடலாம். கொஞ்ச தூரத்தில் காண்டா ம்யோஜின் என்று ஒரு பெரிய கோயில். அங்கே கம்ப்யூட்டருக்கும் செல்போனுக்கும் ஆபத்து வராமல் காக்க ஒரு தாயத்து விற்கிறார்கள். அவர்களுக்கு வருஷம் முழுக்க ஆயுத பூஜை.

ரேடியோ கன்ட்ரோலை ஜப்பானியர்கள் 'ராஜிகோன்' என்று சுருக்கிவிட்டார்கள். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு ஆளுக்கு ஆள் கேட்டு, ஒரு கட்டிடத்தின் மேல் மாடிக்குப் போய்ச் சேர்ந்தேன். கதவைத் தள்ளியதும் மூச்சு நின்றது. கூரை வரை பாக்கெட்டுகள். இந்த விஷயத்தில் அவர்கள் பழைய கைகள். ஓஸாகாவில் ஓ.எஸ். கம்பெனி 1936-லிருந்து குட்டி இன்ஜின் செய்கிறது. க்யோஷோ 1970-ல் 'டாஷ் 1' என்ற இன்ஜின் காரைக் கொண்டுவந்தது. ஷிஸுவோகாவில் இருக்கும் தமியா 1976-ல் பேட்டரியில் ஓடும் போர்ஷே 934-ஐ விட்டது. அதற்கப்புறம் ஜப்பானில் வீட்டுக்கு வீடு ரிமோட்தான்.

கல்லாவில் ஒரு பெரியவர். மூக்கு நுனியில் கண்ணாடி. "க்ளட்ச் டூல்" என்றேன். புரிந்துகொண்டு மூன்று தினுசு எடுத்து வைத்தார்.

முதலாவது, சிலுவை மாதிரி நான்கு கை. ஒரு கை 17 மில்லிமீட்டர், சக்கர நட்டுக்கு. இன்னொன்று 8 மில்லிமீட்டர், க்ளோ ப்ளக்குக்கு. மூன்றாவது ஃப்ளைவீலைப் பிடிக்க. நான்காவது ஸ்பிரிங் தள்ள. ஆல் இன் ஒன், விலையும் குறைச்சல். இரண்டாவது, ஒரு அடி நீளத்தில் இரும்புப் பட்டை. ஒரு முனை ஃப்ளைவீல் குச்சிகளில் மாட்டிக்கொள்ளும், மறு முனை ஸ்பிரிங்குக்கு. பார்ப்பதற்கு லட்சணம் கிடையாது. மூன்றாவது, சிவப்புப் பெட்டிக்குள் வெல்வெட்டில் படுத்திருந்த செட். கல்யாணப் பரிசு மாதிரி ஜொலித்தது. குற்றமுள்ள நெஞ்சு என்ன செய்யும்? என் கை நேராக சிவப்புப் பெட்டிக்குப் போயிற்று.

"தாமே, தாமே" என்றார் பெரியவர்.

தாமே எடுத்துக் கொடுப்பார் போலிருக்கிறது என்று கையை இழுத்துக்கொண்டு காத்திருந்தேன். கொடுக்கவில்லை. பிறகுதான் ஞாபகம் வந்தது, ஜப்பான் மொழியில் 'தாமே' என்றால் 'கூடாது'.

அவர் மூன்று விரலைக் காட்டினார். அப்புறம் நான்கு. காரில் எத்தனை ஷூ என்று கேட்கிறார். எனக்குத் தெரியாது. பிரித்த பாவி நான்தான், எண்ணியதாக ஞாபகமில்லை! மூன்று ஷூ ஃப்ளைவீலுக்குச் செய்த பிடி, நான்கு ஷூவில் உட்காராது. உட்காராத பிடியை வைத்து அழுத்தினால் குச்சி வளையும். எவ்வளவு விலை கொடுத்திருந்தாலும் வளையும்.

அங்கே மணி மூன்று. நம்மூரில் பதினொன்றரை. ஏழு மாதத்துக்கப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் நண்பனைக் கூப்பிட்டேன். தூக்கக் குரலில் எடுத்தான். விஷயத்தைச் சொன்னதும் ஒரே நிமிஷத்தில் வாட்ஸப்பில் போட்டோ வந்துவிட்டது. மூன்று ஷூ.

பெரியவர் என் போனை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். இன்னும் பெரிதாக்கினார். ஃப்ளைவீலின் விளிம்பில் நாய் கடித்த மாதிரி பல் தடம். நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

"பெஞ்சி?" என்றார்.

சத்தியமாகச் சொல்கிறேன், பெஞ்சு மேல் ஏறி நிற்கச் சொல்கிறார் என்றே நினைத்தேன். நாலாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் இதே மாதிரிதான் பார்ப்பார். பெரியவர் மேஜை டிராயரிலிருந்து ஒரு கட்டிங் ப்ளேயரை எடுத்துக் காட்டினார். அதற்கு ஜப்பானில் 'பெஞ்சி' என்று பெயர். தலையாட்டினேன். பெஞ்சு மேல் நிற்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை.

அவர் கோபிக்கவில்லை. ஒரு பழைய இன்ஜினை எடுத்து மேஜையில் வைத்தார். குப்பென்று பாட்டி வீட்டு வாசனை. விளக்கெண்ணெய்! மெத்தனாலும் நைட்ரோமீத்தேனும் கலந்த இந்த எரிபொருளில் வழவழப்புக்கு விளக்கெண்ணெய் சேர்ப்பது உண்டு. உலகத்திலேயே அதிகமாக ஆமணக்கு விளைவது இந்தியாவில். நம்மூர்க் கொட்டையின் வாசனை டோக்கியோ மாடியில் எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது.

லட்சணமில்லாத அந்தப் பட்டையை என் கையில் கொடுத்து "தோஸோ" என்றார். 'ஆகட்டும், தயவுசெய்து' என்று அர்த்தம். ஃப்ளைவீலில் மாட்டினேன். கவ்வியது, அசையவில்லை. ஸ்பிரிங்கைத் தள்ளினேன். விர்ரென்று பறந்து அவர் விரித்திருந்த துணியில் விழுந்தது. அந்தத் துணியை எப்போது விரித்தார் என்று தெரியவில்லை. மறுபடி பறந்தது. மூன்றாம் முறை என் மணிக்கட்டைப் பிடித்து லேசாகத் திருப்பினார். தள்ளக் கூடாது, சாய்த்து இறக்க வேண்டும். 'டிக்'. ஷூ உட்கார்ந்தது.

அப்புறம் ஆல் இன் ஒன்னை எடுத்து அதையும் போட்டுப் பார்க்கச் சொன்னார். நான்கு கையில் ஒரு கை வேலை செய்யும்போது மற்ற மூன்றும் உள்ளங்கையில் குத்தின. நட்டைத் திருப்பப் பிடிமானம் போதவில்லை. எல்லா வேலையும் தெரிந்தவனை ஆபீஸில் பார்த்திருக்கிறோமே, அந்த ஜாதி. சிவப்புப் பெட்டியில் பாதி சாமான்கள் வேறு வகைக் க்ளட்சுக்கு. அதை அவரே எடுத்துப் பழைய இடத்தில் வைத்துவிட்டார். மூன்றில் விலை அதிகமானதை விற்காமல் திருப்பி வைத்த கடைக்காரரை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பட்டையும் ஒரு பாக்கெட் 1.0 ஸ்பிரிங்கும் வாங்கிக்கொண்டேன். அவர் குனிந்தார். நான் குனிந்தேன். அவர் மறுபடி குனிந்தார். லிஃப்ட் வந்து காப்பாற்றியது.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை, நண்பன் வீட்டு மொட்டை மாடி. புது பிஸ்டன் ஏறிவிட்டது. நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றேன். பட்டை கச்சிதமாகக் கவ்வியது. முதல் ஷூ, 'டிக்'. இரண்டாவது, 'டிக்'. நண்பன் நிமிர்ந்து பட்டையை என் பக்கம் நீட்டினான். "மூணாவது நீ போடு."

"வேணாம்டா."

"போடுடா."

துணியை விரித்தேன். சாய்த்தேன். 'டிக்'.

இன்ஜின் இரண்டு இருமல் இருமி, உறுமிக்கொண்டு எழுந்தது. புதுசு, கொஞ்ச நாள் அடக்கித்தான் ஓட்ட வேண்டும் என்றான். நீலப் புகை மாடி முழுக்கப் பரவியது. கீழேயிருந்து அவன் அம்மாவின் குரல் வந்தது.

"விளக்கெண்ணெய் வாசனை வருதே, யாருக்குடா வயிறு சரியில்லே?"