மேலேறும் நேரத்துக்குக் கூலி

மன்னார்க் கடலின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிய ஐரோப்பியர் பலர் தவறாது குறிப்பிடும் ஒருவர் கடல்கட்டி. மந்திரத்தினாற் சுறாவின் வாயைக் கட்டவல்லவர் என நம்பப்பட்ட இவர், குளிப்பு நடைபெறும் நாட்களில் தமது சடங்குகளைச் செய்தாலன்றிக் குளியாளர் கடலில் இறங்க இசையார். மந்திரத்தில் அணுவளவும் நம்பிக்கையற்ற பிரித்தானிய அதிகாரிகள், அரச செலவிலேயே இவரை அமர்த்தி வைத்திருந்தனர்.

இதனை மூடநம்பிக்கையின் சின்னம் எனக் கூறி நகைத்துவிட்டு அப்பாற் செல்வது எளிது. ஆயின், அதிகாரிகள் ஏன் பணம் கொடுத்தனர் என்று கேட்கப்புகின், நகைப்புக்கு இடமில்லை. குளியாளர் இறங்க மறுத்தால் அரசின் வருவாய் நின்றுவிடும். அவர்களை இறங்கச் செய்வதற்கு வேண்டிய மிகக் குறைந்த செலவு கடல்கட்டியின் ஊதியமே. கரைக்கு வந்த சிப்பிகள் மூன்று குவியல்களாகப் பிரிக்கப்பட்டு, இரண்டு அரசுக்கும் ஒன்று கடலில் இறங்கியோருக்கும் சென்ற கணக்கோடு சேர்த்துப் பார்த்தால், அச்செலவு எத்துணை அற்பமானது என்பது புலனாகும். 1906ஆம் ஆண்டில் இந்த முத்துப்பார்கள் 20 ஆண்டுக் குத்தகையாக இலண்டன் கம்பனி ஒன்றின் கைக்குச் சென்றன. சில ஆண்டுகளுக்குள் குளிப்பே அற்றுப்போயிற்று. கடல்கட்டியும் மறைந்தார். ஆனால் அவரை முன்னிட்டு எழும் வினா மறையவில்லை. தொழிலாளியின் பாதுகாப்புக்கென்று செய்யப்படும் ஏற்பாடு எதுவாயினும், அது காப்பது தொழிலாளியின் உயிரையா, வேலை தடைப்படாமையையா? கடலடியில் வேலை செய்வோரைப் பொறுத்தவரை, இவ்வினாவுக்கு விடை தேடிக் கடந்த நூறாண்டு வரலாற்றை நோக்குவது பயனுடைத்து.

அகநானூற்றிலே சுறாவுக்குத் தப்பி வலம்புரிச் சங்குக்காக மூழ்கும் பரதவர் வருகின்றனர். சுறா கண்ணுக்குத் தெரியும் பகை. கண்ணுக்குத் தெரியாத பகையொன்று நீரின் பாரத்தில் இருக்கிறது. ஏறத்தாழப் பத்து மீற்றர் ஆழத்துக்கு ஒரு வளிமண்டல அமுக்கம் கூடுகிறது. முப்பது மீற்றர் ஆழத்தில் நிற்பவர் உடலின்மீது, தரையில் உள்ளதைப்போல் நான்கு மடங்கு அமுக்கம் தாக்குகிறது. ஒரே மூச்சை அடக்கி, ஐந்து முதல் பத்துப் பாகம் இறங்கி, ஒரு நிமிட அளவில் மீண்டுவிடும் பழைய குளியாளரை இப்பகை பெரும்பாலும் தீண்டவில்லை. நீருக்கடியிலே மூச்சுவிடும் கருவி வந்தபின்னர்தான் அது விசுவரூபம் எடுத்தது. அமுக்கமேறிய காற்றைச் சுவாசிக்கும்போது, அதிலுள்ள நைதரசன் குருதியிலும் தசையிலும் கொழுப்பிலும் கரைந்து சேருகிறது. மெல்ல மேலேறினால் அது மூச்சோடு வெளியேறிவிடும். விரைந்து ஏறினாலோ, மூடி திறந்த சோடாப் போத்தலிற்போல உடலினுள்ளேயே குமிழிகள் கிளம்புகின்றன. மூட்டுகளிற் பொறுக்கவொண்ணா நோவு, முண்ணாணிற் புகுந்தால் கால்கள் செயலிழத்தல், சிலவேளை மரணம் ஆகியவை அதன் விளைவுகள்.

குமிழிகளே நோய்க்குக் காரணம் என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி போல் பேர் 1878இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். எவ்வளவு ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்றவர், மேலேறும்போது எங்கெங்கே எத்தனை நிமிடம் தரித்து வரவேண்டும் என்ற அட்டவணையை, பிரித்தானியக் கடற்படையின் பொருட்டு, ஆடுகளைக்கொண்டு பரிசோதித்து ஜோன் ஸ்கொட் ஹோல்டேனும் அவர்தம் கூட்டாளிகளும் 1908இல் வெளியிட்டனர். அதாவது, இந்நோய் எதனால் வருகிறது, எவ்வாறு தடுப்பது என்ற அடிப்படை அறிவு மனிதகுலத்தின் கைக்கு வந்து நூறாண்டுக்கு மேலாகிறது. பின்னர் அது திருத்தவும் விரிக்கவும் பட்டதேயன்றி மறுக்கப்படவில்லை.

இவ்வறிவு தொழிலாளரின் கைக்கு வந்த ஒரு சந்தர்ப்பத்தையும் இங்கே நினைவுகூர்தல் தகும். 1939ஆம் ஆண்டு ஜூன் முதலாம் திகதி, லிவர்பூல் குடாவில் தெற்றிஸ் என்ற நீர்மூழ்கிக் கப்பல் பரீட்சார்த்த ஓட்டத்தின்போது அமிழ்ந்து 99 பேர் மாண்டனர். மாண்டோருட் பலர் கப்பற்கட்டுந்துறைத் தொழிலாளர். அவர்கள் எவ்வாறு இறந்தனர் என்பதைத் தங்கள் சார்பில் ஆராயுமாறு தொழிற்சங்கத்தினர் வேண்டியது, ஹோல்டேனின் மகனும் மாக்சியவாதியுமான ஜே. பி. எஸ். ஹோல்டேனை. ஸ்பானிய உள்நாட்டுப் போரிலே சர்வதேசப் படையணியிற் போராடித் திரும்பிய தோழர்களோடு தாமும் அமுக்க அறையினுட் புகுந்து, மூச்சுத்திணறும் நிலையைத் தமது உடலிலேயே சோதித்தறிந்தார் அவர். இந்தியாவைத் தாயகமாய்க் கொண்டு 1964இல் புவனேசுவரத்திற் காலமான அதே ஹோல்டேன்தான் இவர். சங்கம் அழைத்தது, விஞ்ஞானம் வந்தது.

சங்கம் வலுவற்றிருந்த இடத்தில் விஞ்ஞானம் யார் பக்கம் நின்றது என்பதை வடகடல் காட்டுகிறது. 1969இல் நோர்வேயின் கடற்பரப்பில் எக்கோபிஸ்க் எண்ணெய்க்களம் கண்டுபிடிக்கப்பட்ட பின்னர், நூறு மீற்றருக்கும் அதிகமான ஆழத்திற் குழாய்களைப் பொருத்தச் சுழியோடிகள் தேவைப்பட்டனர். கப்பலில் அமைந்த அமுக்க அறையிலேயே நாட்கணக்காய், வாரக்கணக்காய் வாழ்ந்து, மணி வடிவக் கூண்டில் இறங்கி வேலைசெய்து, ஈலியம் கலந்த வாயுவைச் சுவாசித்து, இறுதியிற் பல நாட்களாக மெல்ல மெல்ல அமுக்கம் குறைக்கப்பட்டு வெளிவருவது அவர்தம் தொழில்முறை. அந்தப் பல நாட்களிலும் சுழியோடி எவ்வேலையும் செய்வதில்லை. கப்பலின் வாடகையோ ஒவ்வொரு நாளும் ஏறிக்கொண்டிருக்கும். ஆகவே, குறைந்த நேரத்தில் ஆளை மேலே கொண்டுவரும் கம்பனிக்கே ஒப்பந்தம் கிடைக்கும் நிலை உண்டாயிற்று. ஹோல்டேன் உலகறிய வெளியிட்ட அட்டவணையின் வாரிசுகள், கம்பனிகளின் வியாபார இரகசியங்களாயின. தமது உடலுக்கு எந்த அட்டவணை பிரயோகிக்கப்படுகிறது, அது அயற்கம்பனியின் அட்டவணையிலும் எவ்வளவு விரைவானது என்பதைச் சுழியோடி அறியார்.

மூளையும் நரம்பும் செவியும் பழுதுற்று முதுமைக்கு முன்னரே வேலை இழந்த சுழியோடிகள் சிலர், நோர்வே அரசுக்கெதிராக ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம்வரை சென்றனர். 2013 டிசம்பர் 5ஆம் திகதி அந்நீதிமன்றம், விரைவு அட்டவணைகளால் விளையக்கூடிய ஆபத்தைச் சுழியோடிகள் தாமே எடைபோடுவதற்கு வேண்டிய தகவல் அவர்களுக்குக் கிடைப்பதை அரசு உறுதிசெய்யத் தவறியது எனத் தீர்த்தது. இத்தீர்ப்பு நமது சிந்தனைக்குரியது. அங்கே அறிவு இல்லாமற் போகவில்லை, பூட்டி வைக்கப்பட்டிருந்தது.

அதே வடகடலில், 1983 நவம்பர் 5ஆம் திகதி, பைபோர்ட் டொல்பின் என்ற துளையிடும் மேடையில் நிகழ்ந்ததையும் சொல்லவேண்டும். சுழியோடிகள் தங்கியிருந்த அறையின் கதவு முற்றாக மூடப்படுமுன்னர், அதனைக் கூண்டோடு இணைத்த பிணைப்பு கழற்றப்பட்டது. ஒன்பது வளிமண்டல அமுக்கம் இமைப்பொழுதில் ஒன்றாயிற்று. நான்கு சுழியோடிகளும், வெளியே நின்ற உதவியாளர் இருவருள் ஒருவரும் மாண்டனர். பிணைப்பைக் கழற்றிய தொழிலாளியின் தவறு என்பதே அக்காலத்திற் சொல்லப்பட்ட காரணம். ஆனால், உள்ளே அமுக்கம் இருக்கும்வரை கழற்றவே இயலாதபடி தடுக்கும் பூட்டு அக்கருவியில் இருக்கவில்லை. பொறியிற் சேர்க்காத பூட்டை மனிதனின் கவனத்திலே தேடுவதும், அவன் களைத்துத் தவறியபின் அவனையே குற்றவாளியாக்குவதும் முதலாளித்துவம் நெடுங்காலம் பயின்ற கலை. இறந்தோரின் குடும்பங்கள் கால்நூற்றாண்டுக்கு மேலாகப் போராடியே அரசிடமிருந்து நட்டஈடு பெற்றன.

அரசுடைமை ஆக்கிவிட்டால் இப்பிரச்சினை தீர்ந்துவிடும் என்று நம்மிற் சிலர் எண்ணலாம். அவர்கள் திரினிடாட்டை நோக்குவாராக. 2022 பெப்ரவரி 25ஆம் திகதி, அந்நாட்டு அரசுக்குச் சொந்தமான பரியா எரிபொருள் நிறுவனத்தின் 30 அங்குலக் கடலடிக் குழாயிலே ஒப்பந்தக்காரரின் கீழ் வேலைசெய்த ஐந்து சுழியோடிகள், உள்ளே நிலவிய அமுக்கக் குறைவினாற் குழாயினுள் உறிஞ்சப்பட்டனர். ஒருவர் ஊர்ந்து வெளிவந்தார். ஏனையோர் உள்ளே உயிரோடிருக்கின்றனர் என்றார். மீட்க முன்வந்த சக சுழியோடிகள் இறங்க அனுமதிக்கப்படவில்லை. நால்வரும் மாண்டனர். விசாரணை ஆணைக்குழு நிறுவனத்தைக் கடுமையாகக் குற்றஞ்சாட்டியது. உடைமை யாருடையதாயினும், ஆழத்தில் இறங்குபவனுக்கு வேலையை நிறுத்தும் அதிகாரம் இல்லாதவிடத்து விதிகள் வெறுங் காகிதங்களே.

இவ்வளவும் தூரதேசத்துக் கதைகள் அல்ல. நாம் கற்பிக்கும் பாடசாலை மன்னார்க் கரையோரத்துக் கிராமமொன்றில் உள்ளது. முத்துப் போய்விட்டது, சங்கும் கடலட்டையும் இருக்கின்றன. கல்லும் கயிறும் கொண்டு இறங்கிய கடலிலே இன்று முதுகில் சிலிண்டருடன் இறங்குகின்றனர். கடலட்டை சிங்கப்பூருக்கும் ஹொங்கொங்குக்கும் செல்கிறது. பெற்றோர் கூட்டமொன்றுக்கு, ஊன்றுகோலுடன் வந்த தந்தையொருவரை நாம் அறிவோம். நாற்பது வயது நிரம்பாதவர். ஊரார் அவருக்கு வாதம் என்றனர். நாளொன்றுக்கு மூன்று, நான்கு சிலிண்டர்கள் முடியும்வரை இறங்கியதாகச் சொன்னார். நோவு கண்டபோது என்ன செய்தீர் என்று கேட்டோம்.

“திரும்பவும் இறங்கினன் சேர். கீழ போனா நோவு நிக்கும். மேல வந்தாத்தான் திரும்பத் தொடங்கும்” என்றார்.

அவர் சொன்னது பொய்யன்று. ஆழத்திற் குமிழிகள் சுருங்குவதால் நோவு தணியும். அதே வேளையில் மேலும் நைதரசன் உடலிற் சேர்ந்து, அடுத்த ஏற்றத்தை இன்னும் கொடியதாக்கும். கருவி இக்கரைக்கு வந்துவிட்டது. கருவியோடு வரவேண்டிய அறிவு வரவில்லை. நோர்வேயிற் பூட்டி வைத்தார்கள். இங்கே அவிழ்த்துக் காட்ட எவரும் முனையவில்லை. ஏற்றுமதியாகும் சங்கின் விட்டம் 70 மில்லிமீற்றருக்குக் குறையலாகாது என 2003ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி அளந்து சொல்கிறது. அந்தச் சங்கை எடுத்துவரும் மனிதனின் ஏற்றத்தையும் அத்துணை நுணுக்கமாக அளக்கும் ஒருவர் படகில் இருந்திருப்பின், அத்தந்தை ஊன்றுகோலின்றி வந்திருப்பார்.

பௌதிகவியல் ஆசிரியரோடு அமர்ந்து, எளிய தமிழில் ஒரு தாள் எழுதினோம். நிமிடத்துக்கு ஒன்பது மீற்றருக்கு மேற்படாமல் ஏறுதல். மேற்பரப்பை அடையுமுன் ஐந்து மீற்றரில் மூன்று நிமிடமாவது தரித்தல். ஆழமும் நேரமும் கூடக்கூடத் தரிப்பும் கூடவேண்டும் என்பது. ஒரு முறைக்கும் மறுமுறைக்கும் இடையே மேலே ஓய்ந்திருத்தல். நோவு கண்டால் மீண்டும் இறங்காது, ஒட்சிசன் கொடுத்து வைத்தியசாலைக்கு விரைதல். தமிழ் படித்த நமக்கு, நமது மொழி உயிர்காக்கும் வேலைக்கும் உதவக்கண்டதில் நிறைவே உண்டாயிற்று. அத்தந்தை தாளை எழுத்தெண்ணிப் படித்தார். படித்து முடித்து, “எல்லாம் சரி சேர். இதில சொன்ன நேரமெல்லாம் நான் சும்மா நிண்டா, அந்த நேரத்துக்குக் காசு தாறது ஆர்?” என்றார்.

சுழியோடும் தொழிலின் பாதுகாப்பு விதிகள் அனைத்தும் அந்த ஒரு வினாவுள் அடங்கும். ஒருவர் நீரில் இருக்கும்போது, இறங்க ஆயத்தமாக இன்னொருவர் மேலே காத்திருத்தல் வேண்டும் என்பது விதி. தான் இறங்காது ஆழத்தையும் நேரத்தையும் குறிக்கும் மேற்பார்வையாளர் ஒருவர் வேண்டும் என்பது விதி. குழாயருகே வேலையெனின் வால்வுகளைப் பூட்டி வைத்து, அமுக்கத்தைச் சமப்படுத்தியபின்பே இறங்கவேண்டும் என்பது விதி. அமுக்க அறை எட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும் என்பதும் விதி. விதி ஒவ்வொன்றும் சும்மா நிற்கும் ஒரு மனிதனையோ, சும்மா கழியும் ஒரு மணித்தியாலத்தையோ வேண்டி நிற்கிறது. முதலாளியின் கணக்கேட்டில் அது வீண்செலவு. எடுத்த அட்டையின் எண்ணிக்கைக்கே கூலி என்ற முறையிலோ, அச்செலவு முழுவதும் சுழியோடியின் தலையிலேயே விழுகிறது. எண்ணிக்கைக்குக் கூலி வாங்குபவன் ஐந்து மீற்றரில் தரித்து நின்றால், தன் பிள்ளையின் சோற்றிலிருந்தே அந்த நிமிடங்களை எடுத்துக் கொடுக்கிறான். அவனைப் பார்த்து அறியாமை என்று உபதேசிப்பது நமக்கு அடாது.

ஆதலின் நமது பணி இரு கூறானது. அறிவைத் தமிழிற் கொண்டுவருதல் ஆசிரியர், மாணவர் ஆகிய நமது கடன். விஞ்ஞானம் படிக்கும் மாணவர் இதனைத் தமது கரையோரங்களுக்கு எடுத்துச் செல்லலாம். ஆனால், தாளோடு நிறுத்திக்கொண்டால் நாமும் புதிய கடல்கட்டிகளாகவே ஆவோம். மேலேறும் நேரத்தையும் மேலே ஓய்ந்திருக்கும் நேரத்தையும் வேலை நேரமாகக் கணக்கிட்டு நாட்கூலி வழங்கவேண்டும் என்ற கோரிக்கை, கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கங்களிலிருந்து எழவேண்டும். அச்செலவைச் சம்மாட்டியும் ஏற்றுமதியாளரும் ஏற்கட்டும்; வெளிநாட்டுச் சந்தையிலே கடலட்டைக்குக் கிடைக்கும் விலை அதனைத் தாங்கும். நமது ஊர்ச் சங்கத்தின் அடுத்த பொதுக்கூட்டத்துக்கு அனுப்பும் பொருட்டு, இக்கோரிக்கையைத் தீர்மானமாக எழுதிச் சுழியோடிகளிடம் ஒப்பம் பெற்று வருகின்றோம். இதனை எழுதும் இன்றுவரை பதினொருவர் ஒப்பமிட்டுள்ளனர்.