கழுத்தில் ஒரு கல்வெட்டு

கட்டபெட்டின் தேயிலைச் சரிவுகளில் வளர்ந்த எனக்கு, நெய்தல் திணைப் பாடல்களில் கண்டதே கடல். தங்கை கீழக்கரையில் வாழ்க்கைப்பட்ட பின்னரே அதன் உப்பு எங்கள் வீட்டையும் தொட்டது. மூச்சடக்கி முத்துக்குளித்த முஸ்லிம் குளியாளர்களின் ஊர் அது. தூத்துக்குடியின் பெரிய முத்துக்குளிப்பு 1961ஆம் ஆண்டோடு நின்றது. முன்னோர் நெஞ்சில் அடக்கிய மூச்சை இன்றைய குளியாளர் உருளையில் அடைத்து முதுகில் சுமக்கின்றனர். பிரான்சு நாட்டின் குஸ்தோ, கான்யான் ஆகிய இருவரும் 1943இல் உருவாக்கிய கருவி அதற்கு வழி திறந்தது.

பயிற்சி பெற்ற குளியாளனாகிய என் மருமகன் சென்ற கோடையில் தொலைபேசியில் அழைத்தான். "மாமா, பழைய இரட்டை உருளை ஒன்று மலிவாகக் கிடைக்கிறது. உம்மாவின் வளையலை அடகு வைத்து முன்பணம் கொடுத்துவிட்டேன். மீதியை நீங்கள்தான் தரவேண்டும்."

"கழுத்தில் ஏதேனும் பொறித்திருக்கிறதா?"

"இருக்கிறது மாமா. புது வண்ணத்தில் மங்கிக் கிடக்கிறது."

"கல்வெட்டைப் படியெடுப்பதுபோல் மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துக் கொண்டு வா" என்றேன்.

வந்தான். தேநீர் ஆறிப்போக, இருவரும் தாள்களின்மேல் குனிந்தோம். கொள்ளளவு 12 லிட்டர், அழுத்தம் 200 பார் என்பவை இரண்டிலும் ஒன்றே. சோதனை ஆண்டோ வலது உருளையில் 2021. இடது உருளையில் 2009! ஒரே வண்ணம் பூசப்பெற்ற அவை ஒரே வரலாறு உடையவை அல்ல.

அதன்பின் அவன் ஆசிரியனானான், நான் மாணவனானேன். ஓர் உருளையில் ஏறத்தாழ 2,400 லிட்டர் காற்று அடைபடும். ஆகவே ஐந்தாண்டுக்கு ஒருமுறையேனும் நீர் நிரப்பி, வழக்கத்தினும் மிகுந்த அழுத்தத்தில் சோதிக்கவேண்டும். அடைப்பானைக் கழற்றி, உள்ளே விளக்கைச் செலுத்தித் துருவையும் வெடிப்பையும் தேடவேண்டும். அடைப்பானின் மரையும் உருளையின் மரையும் ஒரே அளவினவாக இருத்தல் வேண்டும். சற்றே மாறுபட்டவைகூட ஒன்றினுள் ஒன்று திருகிக்கொண்டு, அழுத்தம் ஏறியதும் பிய்த்தெறியும். உருளைகளை இணைக்கும் குழாயின் நடுவே ஓர் அடைப்பான் உண்டு. ஒருபுறம் காற்று கசிந்தால் அதை மூடி மறுபுறத்தைக் காக்கலாம்.

"அது திரும்பியதா?" என்றேன்.

தலைகுனிந்தான். "இறுகிக் கிடந்தது மாமா. எண்ணெய் இட்டால் சரியாகும் என்றார் விற்பவர்."

"சோதனைச் சான்றோடு தரட்டும், பணம் தருகிறேன்" என்றேன். விற்பவர் இசையவில்லை, முன்பணமும் திரும்பவில்லை. மருமகன் சில நாள் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. உருளைக்கென எடுத்துவைத்த பணத்தில் வளையலை மீட்டுத் தங்கையிடம் சேர்த்தேன். மகன் கடலுக்குச் செல்லும் நாளெல்லாம் வாசலில் காத்திருப்பவள் அவள்.

மாணவச் செல்வங்களே! எழுத்தைக் கூர்ந்து படிக்கும் பயிற்சி தேர்வுத்தாளோடு முடிவதன்று. உயிர் இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதைத் தாங்கும் எப்பொருளையும் வண்ணத்தை நம்பி வாங்காதீர்கள். கழுத்தில் உள்ள ஆண்டைப் படியுங்கள்.