முகத்துவாரம்

பிரயாணத்துக்குத் துணை கூடாது என்பது என் நெடுநாளைய அபிப்பிராயம். நாம் நின்று பார்க்க நினைக்கும் இடத்தில் துணைக்கு வந்தவருக்குப் பசி எடுக்கும். நாம் உட்கார நினைத்தால் அவருக்கு நடக்கத் தோன்றும். தனியாகப் போனால் இந்தத் தொல்லை இல்லை. வாயைத் திறக்காமல் போய், வாயைத் திறக்காமல் திரும்பிவிடலாம். வீட்டில் நான் ஒருவனாகிப்போன இந்த நாலு வருஷத்தில் அந்த அபிப்பிராயம் ஒரு விரதமாகவே முற்றிவிட்டது. பால்காரரிடம் சொல்லும் "அரை லிட்டர்" என்ற இரண்டு வார்த்தைகளோடு அன்றைய பேச்சு முழுவதும் தீர்ந்துபோகும் நாட்களும் உண்டு.

தை மாதத்தில் ஒரு நாள் பழவேற்காட்டுக்குப் புறப்பட்டதும் இந்த விரதத்தோடுதான். காசி பார்த்தாயிற்று, கன்னியாகுமரி பார்த்தாயிற்று. சென்னையிலிருந்து அரை நாளில் போய்வரக்கூடிய ஏரியை மட்டும் பார்த்ததில்லை. பக்கத்தில் இருப்பவற்றுக்கு எப்போதும் இந்தக் கதிதான். 'எப்போது வேண்டுமானாலும் போகலாமே' என்று தள்ளிப் போட்டுக்கொண்டே இருப்போம். "அந்தப் பூநாரைகளைப் பார்க்க எப்போதுதான் அழைத்துப் போவீர்கள்?" என்று வருஷா வருஷம் கேட்டவளும் இப்போது இல்லை.

மூர் மார்க்கெட் வளாகத்தில் கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். எதிரே ஓர் இளைஞன், மடியில் ஒரு துணிமூட்டை. வண்டி கொருக்குப்பேட்டையைத் தாண்டுவதற்குள் அவன் சிரித்துவிட்டான். சிரித்த முகத்துக்குப் பதில் சிரிக்காமலிருக்க என் விரதத்தில் இடமில்லை. அதுதான் நான் செய்த முதல் பிசகு.

அவனுக்கு ஊர் ஒடிசா. கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் இரும்பு உருக்காலையில் மூன்று வருஷமாக வேலை. தமிழும் அங்கே கற்றதுதான். வேற்றுமை உருபுகளைப் பற்றிக் கவலைப்படாத தமிழ். ஆனால் எல்லாம் புரிந்தது. விடுமுறை முடிந்து முதல் நாள் கொரமண்டல் எக்ஸ்பிரஸில் வந்திருக்கிறான். அந்த வண்டி கும்மிடிப்பூண்டி வழியாகத்தான் வருகிறது; ஆனால் அங்கே நிற்பதில்லை. "என் ரூம் பக்கத்திலேதான் போச்சு, சார். கை காட்டினேன், நிக்கல" என்று சிரித்தான். சென்னைக்கு வந்து, ராத்திரி ஸ்டேஷனில் படுத்து, காலையில் வந்த வழியே திரும்பிப் போய்க்கொண்டிருந்தான்.

"சார் எங்கே?"

"பழவேற்காடு. ஏரி பார்க்க."

ஏரி என்றதும் அவன் முகம் மலர்ந்தது. அவன் ஊர் சிலிக்கா ஏரிக் கரையில், மீனவர் குடும்பம். இந்தியாவிலேயே பெரிய உவர்நீர் ஏரி சிலிக்கா. அதற்கு அடுத்தது பழவேற்காடு என்று எனக்குப் புத்தகப் படிப்பாகத் தெரியும். அவனுக்குத் தெரிந்திருந்ததோ வேறு சமாசாரம். சிலிக்காவிலிருந்து கடலுக்குப் போகும் வழி மணல் சேர்ந்து தூர்ந்துகொண்டே வந்ததாம். மீன் குறைந்தது, களை மண்டியது. அவன் தகப்பனார் வலையைச் சுருட்டி வைத்துவிட்டுக் கூலி வேலைக்குப் போனார். 2000-ஆம் வருஷம் செப்டம்பரில் அரசாங்கத்தார் மணல்மேட்டை வெட்டிப் புதிதாக ஒரு வாய் திறந்துவிட்டார்கள். மீன் திரும்பி வந்தது. தகப்பனாரும் வலைக்குத் திரும்பினார்.

"பிறகு நீ ஏன் இங்கே வந்தாய்?"

"மீன் வந்துச்சு சார். ஆனா நாங்க அண்ணன் தம்பி அஞ்சு பேரு."

கொஞ்ச நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "உங்க ஏரி வாய் திறந்திருக்கா, சார்?" என்று கேட்டான்.

எனக்குத் தெரியவில்லை. ஊரார் வீட்டுச் சமாசாரத்தையெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவனிடம் அவன் சொந்தத் தாயார் சௌக்கியமா என்று கேட்டு, அவன் விழித்தால் எப்படி இருக்கும்? அப்படி விழித்தேன். "பார்த்துவிட்டுச் சொல்கிறேன்" என்றேன். எங்கே, எப்படிச் சொல்லப்போகிறேன் என்று அவனும் கேட்கவில்லை, நானும் யோசிக்கவில்லை. பொன்னேரியில் இறங்கிக்கொண்டேன்.

பொன்னேரியிலிருந்து பஸ். பழவேற்காட்டில் இறங்கியதும் முதலில் கண்ணில் படுவது ஏரியல்ல, டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டம். வாசலில் இரண்டு பக்கமும் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் காவல் நிற்கின்றன. பதினேழாம் நூற்றாண்டு ஆசாமிகள் கல்லில் பெயரும் குலச் சின்னமும் வெட்டிக்கொண்டு உள்ளே படுத்திருக்கிறார்கள். 1613-இல் அவர்கள் இங்கே கெல்ட்ரியா என்று ஒரு கோட்டை எழுப்பினார்கள். சோழமண்டலக் கரையின் வர்ணத் துணியை வாங்கி, கீழைத் தீவுகளில் கொடுத்து, வாசனைத் திரவியம் வாங்குவது அவர்கள் வியாபாரம். துணி மட்டும் கப்பலேறவில்லை. பஞ்ச காலத்தில் தங்களையும் பெற்ற பிள்ளைகளையும் விற்றுக்கொண்ட ஜனங்கள் ஆயிரக்கணக்கில் இந்தக் கரையிலிருந்து அடிமைகளாகப் பத்தேவியாவுக்குப் போனார்கள். அது இன்றைய ஜகார்த்தா. போனவர்களுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. 1825-இல் ஊர் ஆங்கிலேயர் கைக்கு வந்தது, கோட்டை மண்மேடாயிற்று. சோழமண்டலம் என்பதை அந்நியர்கள் 'கொரமண்டல்' என்று உச்சரித்தார்கள். அந்தப் பெயர் இப்போது ஒரு ரயிலின் பெயராகி, வேலை தேடி வருகிறவர்களைச் சுமந்து வருகிறது.

ஆனால் என் மனசு கல்லறைகளில் நிற்கவில்லை. பையன் கேட்ட கேள்வி செருப்பில் ஏறிய முள் மாதிரி உறுத்திக்கொண்டிருந்தது.

உல்லாசப் படகு கிடைக்கவில்லை. 2011 கிறிஸ்துமஸ் அன்று இங்கே ஒரு படகு கவிழ்ந்து 22 பேர் இறந்துபோனார்கள்; அதன்பின் சவாரிக்குத் தடை போட்டார்கள். பாலத்தின் வழியாக லைட் ஹவுஸ் குப்பத்துக்கு நடந்தேன். பாலத்திலிருந்து பார்த்தபோதுதான் ஏரி தன்னைக் காட்டியது. வடக்கே கண்ணுக்கு எட்டியமட்டும் தண்ணீர். அதில் பெரும்பகுதி ஆந்திராவுக்குச் சொந்தம். ஏரிக்கும் கடலுக்கும் நடுவே, ராக்கெட் விடுகிறார்களே, அந்த ஸ்ரீஹரிகோட்டாத் தீவு நீண்டு கிடக்கிறது. வெகு தூரத்தில், ஆழமில்லாத இடத்தில், இளஞ்சிவப்பாக ஒரு கோடு. பூநாரைகள்! நின்று பார்த்தேன். பக்கத்தில் காட்டுவதற்கு ஆளில்லை. துணை கூடாது என்ற அபிப்பிராயத்துக்கு அந்த இடத்தில் கொஞ்சம் ஆட்டம் கண்டது.

குப்பத்து மணலில் ஒரு கிழவி கருவாடு உலர்த்திக்கொண்டிருந்தாள். நானாகப் போய்ப் பேச்சுக் கொடுத்தேன்.

"அம்மா, முகத்துவாரம் திறந்திருக்கிறதா?"

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "நீ இன்னா, சர்க்கார் ஆளா?"

"இல்லை. சும்மா தெரிந்துகொள்ளத்தான்."

"சும்மா வர்றவங்க கொக்கு எங்க, கோட்டை எங்கன்னுதான் கேப்பாங்க. இத எவனும் கேட்டதில்ல." கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்காரச் சொன்னாள். பிறகு அவள் பேசினாள், நான் கேட்டேன்.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணியாறு கொண்டுவரும் தண்ணீர் ஏரியை நிரப்பி மணலை உடைத்துக்கொண்டு கடலுக்குப் போகும். அதே வழியாகக் கடலிலிருந்து இறால் குஞ்சு உள்ளே வரும். ஏரியில் வளர்ந்து, முட்டையிடத் திரும்பக் கடலுக்குப் போகும். கோடையில் ஆற்றில் தண்ணீர் நின்றதும் அலை மணலைக் கொண்டுவந்து வாயை அடைக்கப் பார்க்கும். அடைத்துவிட்டால் தண்ணீர் வற்றும், உப்பு ஏறும், மீன் செத்து மிதக்கும். எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதற்கு இங்கே 'பாடு' என்று ஒரு முறை. சீட்டுப் போட்டுப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். "பாடு இருந்து இன்னா பண்றது? வாய் அடைஞ்சா எல்லாப் பாடும் ஒரே பாடுதான்" என்றாள்.

"இப்போது?"

"இப்ப தொறந்துதான் இருக்கு. சித்திரை வரட்டும், பாக்கலாம். அடைஞ்சா எங்க புள்ளைங்க மம்முட்டி எடுத்துக்கினு போவும். வருசா வருசம் வெட்டணும், ஐயா. ஒருக்கா தொறந்துட்டா தொறந்தே கெடக்கும்னு நெனச்சிட முடியாது."

பிறகு, "தனியாவா வந்த? வூட்ல யாரும் இல்லியா?" என்றாள்.

"இல்லை" என்றேன். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நாலு கருவாட்டை ஓலையில் சுற்றிக் கையில் கொடுத்தாள். காசு கொடுத்தேன், வாங்க மறுத்துவிட்டாள். நான் கருவாடு சாப்பிடாத ஆசாமி என்பதைச் சொல்ல அப்போது வாய் வரவில்லை.

கடற்கரையோடு நடந்துபோய் என் கண்ணாலேயே பார்த்தேன். பிரமாதமான காட்சி ஒன்றுமில்லை. இரண்டு மணல் திட்டுகளுக்கு நடுவே பழுப்பு நிறத்தில் ஓடும் தண்ணீர். ஒரு பக்கம் ஏரியின் அமைதி, மறுபக்கம் அலை; நடுவே இரண்டும் முட்டிக்கொண்டு சுழித்தன. ஒரு படகு எஞ்சினை உறுமவிட்டு அந்தச் சுழிப்பைத் தாண்டி உள்ளே வந்தது. வெயில் இறங்கும் வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

பொன்னேரிக்கு வந்தபோது விளக்கேற்றியாயிற்று. கும்மிடிப்பூண்டியிலிருந்து வந்த வண்டி வேலை முடிந்த ஆட்களால் நிரம்பியிருந்தது. ஒவ்வொரு முகமாகத் தேடினேன். அவன் எப்படி இருப்பான்? அவன் இப்போது உலைக்கு எதிரே நின்றுகொண்டிருப்பான், அல்லது தன் அறையில் சோறு பொங்கிக்கொண்டிருப்பான். அவனுக்குச் சொல்லவேண்டிய பதில் என்னிடமே தங்கிவிட்டது. திறந்திருக்கிறது, தம்பி. ஆனால் வருஷா வருஷம் வெட்டவேண்டும்.

மீஞ்சூரில் எதிர் இடம் காலியாயிற்று. வேறொரு பையன் வந்து உட்கார்ந்தான். காக்கிச் சட்டையில் எண்ணெய்க் கறை, கையில் சாப்பாட்டு டப்பா. களைத்துப் போயிருந்தான், என்னைப் பார்த்துச் சிரிக்கவெல்லாம் இல்லை.

நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"தம்பிக்கு எந்த ஊர்?"