ஊதியதும் எழுதியதும்

விலங்கியல் படித்துவிட்டு வேலை தேடியவளுக்குக் கிடைத்தது மெடிக்கல் கோடிங்: டாக்டர் எழுதியதை பில்லுக்கான கோட்களாக மாற்றும் வேலை. சேலத்தில் பழகினேன், இப்போது நெட் ஒத்துழைக்கும் நாட்களில் மலைமேலுள்ள செம்மேட்டு வீட்டிலிருந்தே வேலை. அமெரிக்காவில் யாரோ குழாயில் ஊதிய மூச்சுக்கு, 70 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே உட்கார்ந்து கோட் போடுகிறேன். இதயம், எலும்பு எல்லாம் பார்த்தாகிவிட்டது. எனக்குப் பிடித்தது நுரையீரல் சோதனைதான்.

ஊதிப் பார்த்ததோடு சரி என்றால் 94010. ஊதிவிட்டு, மூச்சுக்குழாயை விரிக்கும் மருந்தை இழுத்து, சற்றுக் காத்திருந்து மறுபடி ஊதினால் 94060. முந்தையது பிந்தையதற்குள் அடக்கம். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இன்சூரன்ஸ் க்ளைம் திரும்பி வரும். நெபுலைசர் வைத்தார்களே என்று 94640-ஐயும் சேர்க்கக் கை துறுதுறுக்கும். அந்த மருந்து சோதனையின் ஒரு பகுதி, ஆகவே கூடாது. அதே ஆளுக்கு மாலையில் இழுப்பு கண்டு, திரும்ப வந்து நெபுலைசர் வைத்துக்கொண்டால் அது வேறு கணக்கு; கோடோடு ஒட்டும் துணைக் குறியான மாடிஃபையர் போட்டுப் பிரித்துக் காட்டலாம். கண்ணாடிப் பெட்டிக்குள் உட்காரவைத்து நுரையீரலின் கொள்ளளவை அளந்தால் 94726. ரத்தத்துக்குள் வாயு எவ்வளவு இறங்குகிறது என்று பார்க்கும் 94729 தனியாக நிற்காது. எங்கள் மலையில் மிளகுக்கொடி சில்வர் ஓக்கைப் பிடித்து ஏறுகிற மாதிரி, அதற்கு ஒரு தாய்க் கோட் வேண்டும்.

எண்களை யாரும் மனப்பாடம் செய்துவிடலாம். வேலை இருப்பது ரிப்போர்ட்டைப் படிப்பதில். மருந்துக்குப் பிந்தைய அளவுகள் தாளில் இல்லையென்றால், நோயாளி உண்மையிலேயே இரண்டு முறை ஊதியிருந்தாலும் எனக்கு அது 94010 தான். எழுதாதது நடக்காதது: இந்தத் தொழிலில் எல்லோரும் சொல்வது. ஆஸ்பத்திரி மெஷினில் சோதனை நடந்து, டாக்டர் முடிவை மட்டும் படித்துச் சொன்னால் அவர் பில்லுக்கு 26 மாடிஃபையர். அதற்கும் அவர் தன் கருத்தை எழுதிக் கையெழுத்திட்டிருக்க வேண்டும்.

புதிதாகச் சேர்ந்த பெண் ஒருத்தி கேட்டாள்: “அக்கா, அடைப்பு இருக்குன்னு மெஷினே பிரின்ட் போட்டிருக்கே, அது போதாதா?”

“மெஷின் கையெழுத்துப் போடாதும்மா. டாக்டருக்கு க்வெரி அனுப்பு.”

நோய்க்கான கோட் இன்னும் நுணுக்கம். வெளிநோயாளி ரிப்போர்ட்டில் ‘சிஓபிடியாக இருக்கலாம்’ என்று டாக்டர் எழுதினால், அந்த நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்க்கான ஜே44.9 போட முடியாது, மூச்சுத்திணறல், ஆர்06.02, அவ்வளவே. ஆஸ்பத்திரியில் படுத்தவருக்கோ, டிஸ்சார்ஜ் ஆகும்போதும் அதே சந்தேகம் நீடித்தால் உறுதியான நோயாகவே போடச் சொல்கிறது விதி. இந்த முரண் எனக்கு இன்றுவரை உறுத்தல்தான். ஆனால் விதி எழுதியது நானில்லை.

கோட் புத்தகமும் ஆண்டுதோறும் மாறும். 2018-இல் 94620 போய், ஆறு நிமிட நடைச் சோதனைக்கு 94618 வந்தது. 2021 அக்டோபரில் இருமலையே ஆறாகப் பிரித்தார்கள். வெறும் ஆர்05 போட்டால் அன்றிலிருந்து செல்லாது.

ஜே44-க்குக் கீழே ஒரு குறிப்பு உண்டு: புகையிலைப் பழக்கமா, விட்டுவிட்டவரா, பக்கத்தில் இருப்பவர் புகையா, ஒவ்வொன்றுக்கும் தனிக் கோட் சேர்க்கச் சொல்கிறது. விறகடுப்புப் புகையைப் பற்றி அதில் பேச்சில்லை. பீடி தொடாமலே அடுப்பங்கரையில் நுரையீரலைக் கெடுத்துக்கொண்ட பெண்கள் எங்கள் மலையில் வீட்டுக்கு வீடு. அமெரிக்க மலைப்பகுதி சார்ட்டிலும் எப்போதாவது ‘வீட்டில் விறகு அடுப்பு’ என்று ஒரு வரி கண்ணில் படும். அதற்குக் கிட்டத்தட்டப் பொருந்துவது காற்று மாசுக்கான இசட்77.110 தான். அதையும், நோய்க்கும் அடுப்புக்கும் தொடர்பு உண்டென்று டாக்டர் எழுதியிருந்தால் போடுவேன். இல்லையென்றால் இன்னொரு க்வெரி.