பொத்தான் ஆச்சியிடம், மணி அயல்வீட்டில்

சமூகப் பணியில் சேர்ந்த ஆரம்ப காலத்தில் நான் எழுதிய ஓர் அறிக்கையை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது. "இம்முதியவர் தனியே வாழ்வது பாதுகாப்பற்றது. முதியோர் இல்லத்தில் சேர்ப்பதே பொருத்தமானது" என்று அதில் எழுதியிருந்தேன். பல்கலைக்கழகத்தில் சமூகவியல் படித்தவள் நான். ஆனால் அந்த இரண்டு வரிகளை எழுதுவதற்கு முன், உரியவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

கிளிநொச்சி மாவட்டத்துக் கிராமமொன்றில் வாழும் அந்த ஆச்சிக்கு அப்போது 74 வயது. கணவர் காலமாகிவிட்டார். மகள் லண்டனில். மகன் 2009 இல் காணாமல் ஆக்கப்பட்டவர். மீள்குடியேறிய பின் கிடைத்த சிறு வீட்டில் தானே சமைத்து, கோழி வளர்த்து, கத்தரியும் மிளகாயும் நட்டு வாழ்ந்து வந்தார். ஒரு மழை நாளில் விடியற்காலை கிணற்றடியில் வழுக்கி விழுந்தார். எலும்பு முறியவில்லை, ஆனால் எழும்ப முடியவில்லை. அவர் கூப்பிட்டது மழையில் எவருக்கும் கேட்கவில்லை. மதியம் மீன் விற்க வந்தவர்தான் கண்டார்.

முதியவர்களுக்கு விழுவதைப் போலவே, விழுந்த இடத்தில் நீண்ட நேரம் கிடப்பதும் ஆபத்தானது. உடல் குளிர்ந்து, நீர் வற்றி, கிடந்த பக்கம் புண்ணாகிவிடும். பிறகு பயம் வந்து சேரும். பயத்தால் நடமாட்டம் குறையும். நடமாட்டம் குறையக் கால்கள் பலமிழக்கும். பலமிழந்த கால் மீண்டும் தடுக்கும். ஆச்சியும் கட்டிலோடு ஒதுங்கத் தொடங்கினார். கத்தரிச் செடிகள் வாடின. அப்போதுதான் நான் அந்த அறிக்கையை எழுதினேன்.

விடயத்தைச் சொன்னபோது ஆச்சி கேட்டார்: "பிள்ளை, நான் போயிட்டா அவன் வந்து ஆரிட்டை என்னைக் கேப்பான்? அவனுக்குத் தெரிஞ்ச வளவு இதுதானே."

என்னிடம் பதில் இருக்கவில்லை. 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள் போராட்டம் தொடங்கிய பின், அங்கே மகனின் படத்தோடு போயிருந்தவர் அவர். கட்டிலில் கிடந்தால் அதற்கும் போக முடியாது.

மகள் லண்டனிலிருந்து ஒரு கருவி அனுப்பினார். கழுத்தில் மாட்டும் பொத்தானும், தொலைபேசியோடு இணைக்கும் பெட்டியும். அங்கே தனியாக வாழும் வயோதிபர் விழுந்தால் பொத்தானை அழுத்துவார். இரவு பகலாக ஆள் இருக்கும் நிலையமொன்றுக்கு அழைப்புப் போகும். அங்கிருப்பவர் பேசிப் பார்த்து, உறவினருக்கோ அம்புலன்சுக்கோ அறிவிப்பார். அதற்குச் சந்தா கட்டவேண்டும். நாங்கள் இங்கே பொருத்திப் பார்த்தோம். அழுத்தினால் விளக்கு மின்னியது. மறுமுனையில் எவரும் இல்லை. காப்பாற்றுவது பொத்தான் அல்ல, பதில் சொல்லும் ஆள் என்பது அன்றுதான் எனக்கு உறைத்தது.

அந்த ஆள் பக்கத்து வளவிலேயே இருந்தாள். கணவரை இழந்து இரண்டு பிள்ளைகளோடு வாழும் தங்கச்சி. "என்ரை வீட்டிலை மணி அடிச்சா நான் ஓடிவருவன்தானே அக்கா" என்றாள். நகரத்தில் மின்சாதனக் கடையொன்றில், பற்றறியில் வேலை செய்யும் வயர் இல்லாத கோலிங் பெல் வாங்கினோம். பொத்தான் ஆச்சியின் கழுத்தில். மணி தங்கச்சியின் குசினியில். "மாட்டுக்குக் கட்டின மாதிரிக் கட்டிறியள்" என்று ஆச்சி சிரித்தார். மணியில் பல ஒலிகள் இருந்தன. சைரன் ஒலி வந்ததும் இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றார்கள். குருவிச் சத்தத்தைத் தெரிவு செய்தோம்.

முதல் நாள் கிணற்றடியிலிருந்து அழுத்த, மணி அடிக்கவில்லை. கடைக்காரர் சொன்ன தூரம் வெட்டைவெளிக்குத்தான். சுவர் குறுக்கிட்டால் குறையும். மணியைக் கிணற்றுப் பக்க யன்னலுக்கு மாற்றினோம், அடித்தது. நனையாதிருக்கப் பொத்தானைச் சிறு பொலித்தீன் பையில் இட்டுக் கட்டினோம். தினமும் காலையில் ஒருமுறை அழுத்தினால் "எழும்பிட்டன்" என்று அர்த்தம். பற்றறி வேலை செய்வதும் அதிலேயே தெரிந்துவிடும். ஆறரைக்குள் சத்தம் வராவிட்டால் தங்கச்சி போய்ப் பார்ப்பாள். விடாமல் அழுத்தினால் உடனே ஓடவேண்டும். தங்கச்சி வேலைக்குப் போகும் நாட்களில் மணி முன்வீட்டு அக்காவிடம் போகும். வீட்டு மறுதிறப்பு தங்கச்சியிடம் இருக்கிறது. வடக்கில் 2018 முதல் சேவையிலுள்ள இலவச அம்புலன்ஸ் இலக்கம் 1990 ஐ மூன்று வீட்டுச் சுவர்களிலும் பெரிதாக எழுதினோம்.

ஆச்சி இதைச் சும்மா வாங்கிக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும் தங்கச்சியின் பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, தாய் வரும்வரை பார்த்துக்கொள்கிறார். கத்தரி மீண்டும் காய்த்தது. ஊர் முதியோர் சங்கக் கூட்டத்துக்கும் நடந்தே போகிறார். ஒருநாள் முற்றத்தில் மறுபடியும் விழுந்தார். தங்கச்சி மாக் குழைத்த கையோடு ஓடிவந்து தூக்கினாள். அன்று பின்னேரமே ஆச்சி கோழிகளை அடைத்துவிட்டுத்தான் படுத்தார்.

என் அறிக்கையை நான் திருத்தி எழுதினேன். தன் காலில் நிற்பது என்பது எவரும் இல்லாமல் நிற்பது அல்ல என்று அந்த இரு பெண்களும் எனக்குக் கற்பித்தார்கள்.

சகோதரிகளே, போர் எமது குடும்பங்களைச் சிதறடித்தது. உங்கள் அயலிலும் தனியாக ஒரு ஆச்சி இருக்கக்கூடும். கோலிங் பெல் வாங்க வசதியில்லாவிட்டால் ஒரு விசிலோ, தட்டுவதற்கு ஒரு தகரமோ போதும். முதலில் அவர் என்ன விரும்புகிறார் என்று கேளுங்கள். பிறகு, அந்தச் சத்தம் கேட்டால் யார் ஓடுவது என்பதை இன்றே பேசி முடிவு செய்யுங்கள்.