மையும் மூக்குக்கண்ணாடியும்

ஒப்பனையை ஒரு சிறு பொழுதுபோக்காகவும், மூக்குக்கண்ணாடியைக் கல்வியின் அடையாளமாகவும் கொள்வது எம்மவர் வழக்கம். இவ்விரண்டும் ஒரே முகத்தில் கூடியிருக்கலாம் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கண்ணாடி அணியும் பெண் ஒப்பனையில் நாட்டமற்றவள் என்போம். நாட்டமுடையவளாயின் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வரட்டும் என்போம். இம்முடிவின் விளைவுகளை நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக அனுபவித்தவள் என்ற முறையில் இப்பொருள் பற்றிச் சில சொல்ல விழைகிறேன்.

எனக்குப் பதினொரு வயதான 1979ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கண்ணாடி வாங்கித் தந்தார்கள். கடையிலிருந்து வீடு திரும்பும் வழியில் பனைகளின் உச்சியில் ஓலைகள் தனித்தனியே தெரிந்தன. அதுவரை அவற்றைப் பச்சைப் பொதிகளாகவே கண்டிருந்தேன். அந்த மகிழ்ச்சி தீபாவளி வரையிலுமே நீடித்தது. அன்று காலை பெரியம்மா வீட்டுப் பெண்பிள்ளைகளை வரிசையாக இருத்தி மையெழுதிக்கொண்டிருந்தார். என் முறை வந்ததும் கோலைத் தாழ்த்தி, “கண்ணாடிக்காரிக்கு மை என்னத்துக்கு? ஆர் பாக்கப்போகினம்?” என்றார். அவர் வெறுப்பினாற் சொல்லவில்லை. உள்ளதைச் சொல்வதாகவே எண்ணிச் சொன்னார். ஆயினும் அச்சொல் என்னுள் நெடுங்காலம் தங்கிவிட்டது.

அந்த மை கடையில் வாங்கியதன்று. அம்மம்மா கையாந்தகரைச் சாற்றில் வெள்ளைத் துணியைப் பலமுறை தோய்த்து உலர்த்தித் திரியாக்கி, ஆமணக்கெண்ணெய் விளக்கிலிட்டு எரிப்பார். சுடருக்கு மேலே கவிழ்த்த சட்டியிற் படியும் கரியை வழித்து நெய்யிற் குழைத்தால் மை ஆயிற்று. அத்தனை பாடுபட்டுச் செய்த பொருளில் எனக்கு மட்டும் பங்கில்லை என்பதே என் துயரம்.

என் துயரம் சிறியது. என்னிலும் ஒன்பது வயது மூத்த அக்காவுக்கு நேர்ந்தது பெரிது. அவளும் கண்ணாடிக்காரியே. 1984இல் அவளுக்குச் சம்பந்தம் பேசி வந்தபொழுது, சாதகம் பொருந்திய பின்னர், ஒரு வெள்ளிக்கிழமை மாலை நல்லூர்க் கோயில் வெளிவீதியில் மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்ப்பதென்று ஒழுங்காயிற்று. புறப்படும்போது அம்மா, “கண்ணாடியைக் கழட்டிப்போட்டு வா, பிள்ளை” என்றார். பெரியம்மா அன்று தாராளமாக மையெழுதினார். அக்காவின் கண்கள் உண்மையிலேயே அழகாயிருந்தன. வீடு திரும்பியதும், “மாப்பிள்ளையைப் பிடிச்சிருக்கோ?” என்று கேட்டார்கள். அவள் தலையசைத்தாள். பல ஆண்டுகளின் பின் ஒருநாள் என்னிடம் சொன்னாள்: “வெள்ளை வேட்டி ஒன்று நின்றது தெரிஞ்சது. அதுக்கு மேலை ஒண்டும் தெரியேல்லை.” அத்தான் நல்லவராக அமைந்தது அவளது நல்லூழ், அது பார்வையின் பயனன்று. திருமணப் படங்கள் அனைத்திலும் மையெழுதிய அவள் கண்கள் எதையோ தேடுவனபோல் விரிந்திருக்கின்றன. மணவறைக்கு வந்து வாழ்த்தியவர்களைக் குரல் கொண்டே இனங்கண்டாளாம்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இடம்பெயர்ந்து நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குச் சென்ற அந்த இரவில், மழையிலும் சனநெரிசலிலும் அக்காவின் கண்ணாடி விழுந்து மிதிபட்டது. பின்வந்த மாதங்கள் முழுவதும் அவள் பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொண்டே வெளியிற் சென்று வந்தாள். கண்ணாடி முகத்தின் மேல் வைத்த அயற்பொருள் அன்று, கண்ணின் ஓர் உறுப்பு என்பதை எங்கள் வீட்டார் அப்பொழுதுதான் உணர்ந்தனர். அதைக் கழற்றி வைத்துவிட்டு அழகாயிரு என்பது, காலைக் கழற்றி வைத்துவிட்டு நடனமாடு என்பதை ஒத்தது.

ஆகவே, காண்பது, காணப்படுவது ஆகிய இரண்டில் ஒன்றைத் தெரிந்துகொள் என்று ஒரு பெண்ணிடம் சொல்ல வேண்டியதில்லை. இரண்டையும் பொருத்துதற்குச் சில எளிய முறைகளே போதும். அவற்றை நான் பிழைவிட்டுப் பிழைவிட்டே கற்றுக்கொண்டேன்.

முதற் சிக்கல் மையெழுதுவதிலேயே உள்ளது. கண்ணுக்கு மைதீட்டும்போது தீட்டுங்கோலை அக்கண்ணாற் காண முடியாது என்ற அனுபவத்தை வள்ளுவர் புணர்ச்சிவிதும்பல் அதிகாரத்தில் உவமையாக்கியுள்ளார். கணவனை நேரிற் கண்டதும் அவன் குறை தோன்றாமைக்கு அதனை ஒப்பிடுகிறாள் தலைவி. கண்ணாடிக்காரிக்கோ கோல் மட்டுமன்று, எழுதப்படும் முகமும் தெரிவதில்லை. கண்ணாடியுடன் எழுத முடியாது. கழற்றினால் ஆடியிலுள்ள முகம் மங்கிவிடும். இதன் காரணம் பாடசாலையிற் கற்ற ஒளியியலே. ஆடிக்கு முன் நாம் நிற்கும் தூரமளவு, விம்பம் ஆடிக்குப் பின்னே தோன்றும். மைனஸ் 4 வலுவுள்ள வில்லை அணிபவருக்கு வெறுங்கண்ணால் 25 சென்ரிமீற்றர் வரையிலுமே தெளிவாகத் தெரியும். எனவே அவர் ஆடியிலிருந்து பன்னிரண்டரைச் சென்ரிமீற்றர், அதாவது ஏறக்குறைய அரைச் சாண் தூரத்திலேயே தம் முகத்தைத் தெளிவாகக் காண்பார். மைனஸ் 8 ஆயின் அத்தூரமும் பாதியாகும். சுவரில் மாட்டிய பெரிய ஆடியின் முன் நின்று வருந்துவதிற் பயனில்லை. கையடக்கமான தட்டையாடியைக் கண்ணருகே பிடித்து, ஒவ்வொரு கண்ணாக எழுதுவதே வழி. வெள்ளெழுத்து வந்தவர்களுக்கு நிலைமை மாறானது. அவர்களுக்கு அண்மையிலுள்ளது தெரியாது. முகத்தைப் பெருப்பித்துக் காட்டும் குழிவாடி அவர்களுக்கு உதவும். ஒரு கண்ணை எழுதும்போது மறு கண்ணாற் பார்ப்பதற்கு ஏற்றவாறு, ஒரு பக்க வில்லையை மடித்துக்கொள்ளக்கூடிய கண்ணாடிகளும் உண்டு.

இரண்டாவது, வில்லை கண்ணின் தோற்றத்தை மாற்றிவிடும் என்பது. குறும்பார்வைக்கு அணியும் குழிவு வில்லை கண்ணைச் சிறிதாகக் காட்டும். எங்கள் ஊர் வழக்கப்படி மேலும் கீழும் ஒரே அளவாக மையிட்டால், சுருங்கிய கண் மேலும் சுருங்கித் தோன்றும். மேலிமையின் மயிரடியோடு ஒட்டி, வெளிமுனை நோக்கிச் சற்றே தடித்துச் செல்லும்படி எழுதுக. கீழிமையில் வெளிப்பாதியில் மெல்லிய கோடே போதும். நீள்பார்வைக்குரிய குவிவு வில்லை கண்ணையும் மையையும் பெரிதாக்கும். ஆதலால் அவர்கள் சீரான மெல்லிய கோட்டோடு நிறுத்திக்கொள்வது நன்று. எவராயினும் எழுதி முடித்த பின் கண்ணாடியை அணிந்து, ஒரு கைநீளத்துக்கு அப்பால் ஆடியைப் பிடித்துப் பார்த்தே முடிவு செய்யவேண்டும். பிறர் காண்பது அந்த முகத்தையே.

மஸ்காரா எனப்படும் இமைமயிர் மையைப் பூசுவோர், அது முற்றாக உலர்ந்த பின்னரே கண்ணாடியை அணிதல் வேண்டும். நீண்ட இமைமயிரைச் சற்று மேனோக்கி வளைத்துவிட்டால் அது வில்லையை உரசிக் கறைப்படுத்தாது. எங்கள் வெயிலில் மூக்கிற் பூசிய பவுடர் வியர்வையோடு கலந்து, கண்ணாடி வழுகி இறங்கும். மூக்குத்தாங்கிகள் படியும் இடத்தில் பவுடரைத் தவிர்த்து, வியர்வையை மட்டும் ஒற்றியெடுத்தல் போதும். பொட்டைப் புருவங்களின் நடுவே இட்டால் சட்டத்தின் பாலத்தோடு அது நெருக்குப்படும். சிறிது மேலே இட்டால் இரண்டும் பொலியும். திருநீறு பூசுகையில் துகள்கள் வில்லையில் வீழும். அவற்றை உலர்ந்த சேலைத் தலைப்பால் துடைத்தால் கீறல் விழும். முதலில் நீரால் அலம்புக. எங்கள் சுண்ணக்கல் நிலத்துக் கிணற்றுநீர் தானே உலரவிட்டால் வெண்புள்ளிகளை விட்டுச் செல்லும். ஆகையால் உடனே மெல்லிய பருத்தித் துணியால் ஒற்றிவிடுக.

மையைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை உண்டு. சுர்மா முதலிய சில மைகளில் ஈயசல்பைட்டு பெருமளவில் இருப்பது ஆய்வுகளிற் கண்டறியப்பட்டுள்ளது. ஈயம் உடலிற் சேர்ந்தால் சிறப்பாகக் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ஆதலால் உட்பொருள் இன்னதென அறியாத மையை வாங்கலாகாது. குழந்தையின் கண்ணுக்கு எம்மையும் வேண்டியதில்லை. அம்மம்மாவின் மை அன்பினால் ஆனதெனினும், ஒரே கோலால் வரிசையாக எல்லோருக்கும் எழுதியது கண்நோயைப் பரப்பும் வழியே. ஒருவருக்கு ஒரு கோல் என்பதே முறை. சில மாதங்களுக்கு ஒருமுறை மையைப் புதிதாக மாற்றுவதும், இரவிற் கழுவிவிட்டு உறங்குவதும் நன்று. கண்ணுள் அணியும் வில்லையைப் பயன்படுத்துவோர் கைகழுவி அதை முதலில் அணிந்து, பின்னரே மையெழுத வேண்டும். இரவில் வில்லையை முதலிற் கழற்றி, அதன்பின் மையை நீக்கவேண்டும்.

சில ஆண்டுகளுக்கு முன் அக்காவின் மகளுக்கு யாழ்ப்பாணத்திலே திருமணம் நடந்தது. அவளும் கண்ணாடிக்காரி, எங்கள் குடும்பத்துச் சொத்து அது. அலங்கரிக்க வந்த பெண்மணி கூறைச் சேலையைச் சீர்செய்துவிட்டு, படத்துக்கு அழகாயிருக்காது என்று கூறிக் கண்ணாடியைக் கழற்றக் கை நீட்டினார். அக்கா குறுக்கே வந்து, “அது இருக்கட்டும், பிள்ளை. மையை நான் எழுதுறன்” என்றாள். மேலிமையிற் சற்றுத் தடிப்பாகவும் கீழிமையில் மெல்லிதாகவும், நான் சொல்லிக் கொடுத்தபடியே எழுதினாள். பின்னர் கண்ணாடியைத் தன் கையாலேயே துடைத்து அணிவித்தாள்.

தாலி கட்டும் வேளையில் மணமகள் தலை நிமிர்ந்து மாப்பிள்ளையின் முகத்தை நன்றாகப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற அக்கா என் கையைப் பற்றி, “பாக்கிறாள், என்ன?” என்று மெதுவாகக் கேட்டாள்.